பேராண்டிக்கு வெயில் பத்தலையாம்

ஏலேய் பேராண்டி, சங்கதி காதுக்கு வந்துச்சு. ரத்தத்தைக் குடுத்துச் சோதிச்சுப் பாத்ததுல வைட்டமின் டி 11-தான் தேறுச்சாமே! சிவகாசிக்குப் பக்கத்துல விஸ்வநத்தத்துல பிறந்து வளந்தவனுக்கு வெயில்சத்து பத்தலைன்னு வெளியூர்ல மட்டும் வாயைத் திறந்துராத. சிரிச்சே செத்துப்போவான். மழை நம்மளை ஏமாத்தியிருக்கு, கிணறு ஏமாத்தியிருக்கு, ஓட்டுக் கேட்டு வந்தவன் ஏமாத்தியிருக்கான். வெயில் ஒருநாளும் ஏமாத்தினது கிடையாது. அந்த வெயிலையும் வறட்சியையும் நம்பித்தான் 1920-களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து சிவகாசியில ஆரம்பிச்சாங்க. அதே சமயத்துலதான், 1922 வாக்குல, அமெரிக்காவுல மெக்காலம்னு ஒரு ஆராய்ச்சிக்காரர், பிள்ளைகளுக்குக் கால் வளையிற ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கிற சத்து ஒண்ணு தனியா இருக்குன்னு காட்டி, அதுக்கு ‘டி’ன்னு பேர் வச்சார். நாம வெயிலை வச்சுத் தொழில் பண்ணினோம். அவங்க வெயிலை டப்பாவுல அடைச்சு நமக்கே வித்துட்டாங்க. கெட்டிக்காரன் யாருன்னு நீயே சொல்லு.

சரி, வெட்கப்படாத. இந்த ஊர்ல வெயில் காயிறது யாருன்னு யோசிச்சுப் பாரு. பூச்சட்டி காயுது, தரைச்சக்கரம் காயுது. அதைச் செஞ்சவ ரூமுக்குள்ள உக்காந்திருக்கா. விடியக்கருக்கல்ல கம்பெனி வேன்ல ஏறிப் பட்டாசு ஆபீசுக்குப் போனா, பொழுது சாயத்தான் வீடு. சேலைக்கு மேல முழுக்கைச் சட்டை வேற. நீயோ பிரஸ்ல ஏசி ரூமுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னாடி லேபிள் வரையிறவன். சன்னல் வழியா வெயில் வருதேன்னு சொல்லாத. தோலுல டி ஊற வைக்கிற புறஊதாக் கதிரைக் கண்ணாடி உள்ள விடாது. காலையில ஏழு மணி இளவெயில்ல நின்னு கும்பிட்டா சத்து கொட்டும்னு உங்க அப்பன் சொல்லுவான். அவன் கும்பிடுறதுல தப்பில்லை, கணக்குலதான் தப்பு. திருப்பதியில டாக்டர் ஹரிநாராயணும் கூட இருந்தவங்களும் சோதிச்சுப் பாத்ததுல, பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுலதான் அந்த வேலை நல்லா நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. நம்ம கரிசல் நிறத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா நிக்கணும். அதே திருப்பதிப் பக்கம் காட்டுவேலை செய்யிற ஜனங்ககிட்டயும் டி குறைவா இருந்தது தெரியவந்திருக்கு. அதனால ஊருக்கே வந்த வியாதி உனக்கும் வந்திருக்கு. 20-க்குக் கீழ இருந்தா குறைவுன்னு டாக்டர்மார் சொல்லுவாங்க, உனக்கு 11. வைத்தியம் வேணும், சந்தேகமில்ல.

எனக்குச் சிரிப்பு வந்தது அதுக்கப்புறம் நீ பண்ணின காரியத்துலதான். அலமாரியைத் திறந்து பாத்தேன். துபாய்க்காரன் குடுத்துவிட்ட டப்பா ஒண்ணு, செல்போன்ல ஆர்டர் போட்டது ஒண்ணு, கரடிப்பொம்மை மாதிரி மெல்லுற மிட்டாய் ஒண்ணு, எலும்புக்குன்னு ஒரு பால்பவுடர், ஜிம்முக்காரன் தலையில கட்டின டப்பா ஒண்ணு. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு எங்கன்னு கேட்டா, அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேங்கிற. அலமாரியில இம்புட்டு வச்சிருக்கிற நீ, மருந்துக்கடைக்காரர் பொண்ணைக் கட்டியிருந்தா செலவாவது மிஞ்சியிருக்கும்.

கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு பாக்காத. லித்தோ காலத்துலயிருந்து இந்த ஊர் பிரஸ்ல புரூஃப் பாத்தவன் நான். லேபிள்ல பெரிய எழுத்து எதுக்கு, சின்ன எழுத்து எதுக்குன்னு எனக்குத் தெரியும். பெரிய எழுத்து வாங்க வைக்கிறதுக்கு. சின்ன எழுத்து, பின்னால கேஸ் வந்தா தப்பிக்கிறதுக்கு. வாங்குறவனுக்கு வேண்டியது பூராவும் அந்தச் சின்ன எழுத்துலதான் கிடக்கு. நாள்பூராவும் அடுத்தவன் டப்பாவுக்குப் பளபளன்னு தங்கக்கலர்ல ‘பவர்’, ‘மேக்ஸ்’, ‘அல்ட்ரா’ன்னு போட்டு அடிக்கிறவனே அதைப் பாத்து மயங்கினா, மதுரைக்காரனை என்ன சொல்ல?

டப்பாவைத் திருப்பு. முதல்ல பாக்க வேண்டியது, இது மருந்தா, தீனியா? 14 இலக்கத்துல எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட நம்பர் போட்டு, ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி பொடியா இருந்துச்சுன்னா அது சத்துணவுக் கணக்கு. நல்லா இருக்கிறவன் சாப்பாட்டோட சேத்துக்கிறது. குறைபாட்டைத் தீர்க்கிற வைத்தியத்துக்கு டாக்டர் எழுதுறது மருந்து. அதுல மருந்து தயாரிப்பு லைசென்ஸ் நம்பரும், பேட்ச் நம்பரும், தயாரிச்ச தேதியும், காலாவதித் தேதியும் இருக்கும். ரெண்டும் ஒரே கடையில, ஒரே கண்ணாடிக்குப் பின்னால, ஒரே மாதிரிச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நீதான் திருப்பிப் பாக்கணும்.

அடுத்தது, உள்ள இருக்கிறது என்ன, எம்புட்டு? டி2-ன்னு ஒண்ணு, டி3-ன்னு ஒண்ணு இருக்கு. கொலிகால்சிஃபெரால்னு போட்டிருந்தா டி3. ரத்தத்துல அளவை ஏத்துறதுக்கு அதுதான் மேல். அளவைச் சிலபேர் யூனிட்டுல போடுவான், சிலபேர் மைக்ரோகிராம்ல போடுவான். ஒரு மைக்ரோகிராமுக்கு 40 யூனிட். உங்க துபாய்க்காரன் டப்பாவுல 125 மைக்ரோகிராம்னு போட்டிருக்கு. ‘சின்ன நம்பர்தானே தாத்தா’ங்கிற. பெருக்கிப் பாருடா, 5,000 யூனிட்! பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு கேட்டப்ப நீ ஒண்ணுக்குப் போனவன்தானே, இப்ப அனுபவி.

போட்ட அளவு உள்ள இருக்கான்னும் ஒரு கேள்வி இருக்கு. நம்ம ஊர்ல பெட்டி மேல பத்தாயிரம் வாலான்னு அடிச்சிருக்கும்; வெடிச்சு முடிஞ்ச பிறகு குப்பையை எண்ணிப் பாத்தவன் யாரு? அந்தக் கதைதான் இதுவும். 2013-ல அமெரிக்காவுல வித்த வைட்டமின் டி மாத்திரைகளை வாங்கிச் சோதிச்சாங்க. லேபிள்ல சொன்னதுல வெறும் 9 சதவீதம் இருந்ததும் உண்டு, 146 சதவீதம் இருந்ததும் உண்டு. அங்க, சத்து மாத்திரைகளை விக்கிறதுக்கு முன்னாடி அரசாங்கம் சோதிச்சு ஒப்புதல் குடுக்கிறது கிடையாது. இங்க மட்டும் என்ன வாழுது? மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமில்லாத மருந்துகளை மாசாமாசம் பட்டியல் போடுது. 2024 ஆகஸ்ட் மாசப் பட்டியல்ல ஒரு பேர்போன கால்சியம், டி3 மாத்திரையும் வந்துச்சு. சோதனைக்குப் போன சரக்கு எங்களோடது இல்ல, போலின்னு கம்பெனி சொல்லிருச்சு. எப்படியானாலும் காசு குடுத்துத் தின்னவன் தின்னவன்தான். அதனால ரசீது வாங்கு. பில் இல்லாம பாதி விலைக்குக் குடுக்கிறவன்கிட்ட வாங்காத. 2023 ஆகஸ்டுலயிருந்து அதிகமா விக்கிற 300 மருந்து பிராண்டுகள்ல கியூஆர் கோடு போடணும்னு சட்டம். நாள்பூராச் செல்போனைத் தேய்க்கிற விரலு, ஒருதடவை அதையும் காட்டிப் பாக்கட்டும்.

விலை கூடினா சரக்கும் நல்லா இருக்கும்னு நினைக்காத. டி3 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற சாதாரண மருந்து. 1,000 யூனிட்டும் இருக்கு, 60,000 யூனிட்டும் இருக்கு. மக்கள் மருந்தகத்துல கேட்டுப் பாரு, 2025 பிப்ரவரியில திறந்த முதல்வர் மருந்தகத்துல கேட்டுப் பாரு. ஈஎஸ்ஐ கார்டு வச்சிருந்தா சிவகாசி ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில காட்டு. மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிறாங்கல்ல, சும்மாவா? அப்படிப் பிடிச்சதை விட்டுட்டுக் கரடிமிட்டாய்க்குக் காசைக் கொட்டுறவனை எங்க காலத்துல வேற பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. உங்க பாட்டி பக்கத்துல இருக்கா, அதனால சொல்லல.

இப்பக் காதைக் குடு. இனிமே சொல்றதுதான் முக்கியம். நல்லா இருக்கிற ஆளுக்கு ஒருநாளைக்கு வேண்டியது 600 யூனிட்டுன்னு நம்ம ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொல்லியிருக்கு. டாக்டர் மேற்பார்வை இல்லாம ஒருநாளைக்கு 4,000-த்தைத் தாண்டாதன்னு அமெரிக்காக்காரன் கோடு போட்டிருக்கான். குறைபாடு இருக்கிறவனுக்கு நம்ம நாட்டு டாக்டர்கள் வழக்கமா எழுதுறது 60,000 யூனிட், வாரத்துக்கு ஒண்ணு, எட்டு வாரம். வாரத்துக்கு ஒண்ணுடா! சீட்டுல ‘60 கே’ன்னு கிறுக்கியிருப்பார், பவுடர் பாக்கெட்டாவோ, மாத்திரையாவோ, குடிக்கிற குப்பியாவோ கடைக்காரர் எடுத்துக் குடுப்பார். வீட்டுக்கு வந்ததும், மாத்திரைன்னா தினம் ஒண்ணுதானேன்னு நம்மாளு நினைச்சிருவான். நாலு நாள்ல மாசக்கணக்கு முடிஞ்சிரும். இன்னும் சிலபேர் எட்டு வாரம் முடிஞ்சும் ‘சத்துதானே’ன்னு கடையில கேட்டுக் கேட்டு வருசக்கணக்குல தின்பான்.

தின்னா என்ன ஆகும்? சி வைட்டமின் மிஞ்சினா பெரும்பாலும் ஒண்ணுக்குல போயிரும். டி அப்படிப் போகாது. கொழுப்புல போய்ப் பதுங்கிக்கிட்டு மாசக்கணக்குல உக்காந்திருக்கும். ரத்தத்துல கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, அசதி, புத்தித் தடுமாற்றம், கடைசியில சிறுநீரகத்துல கை வைக்கும். காஷ்மீர்ல இப்படி வந்து படுத்த 10 பேரைப் பத்தி அங்கத்து டாக்டர்கள் 2011-ல ஒரு மருத்துவ இதழ்ல எழுதி வச்சிருக்காங்க. அங்க குளிர், வெயில் குறைவு, நிறையப் பேருக்கு டி குறைவு. அதனால அள்ளி அள்ளிக் குடுத்திருக்காங்க. குறைவுன்னு பயந்தவன்தான் கூடிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இதுல வேடிக்கை என்னன்னா, அசதின்னுதானே மாத்திரையை ஆரம்பிக்கிறான்? கூடிப்போனாலும் அசதிதான். உடனே அவன் என்ன செய்வான்? இன்னும் சத்து பத்தலைன்னு இன்னொரு பாக்கெட்டைக் கிழிப்பான்.

வடக்குத் தெருக்காரன் ஒருத்தன் இருக்கான், ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லைம்பான். ‘ஒரே ஊசி, ஆறு லட்சம், வருசம் பூராவுக்கும் கவலையில்ல’ன்னு உன்கிட்டயும் சொல்லியிருப்பான். ஆஸ்திரேலியாவுல 70 வயசு தாண்டின 2,256 பெண்களை வச்சு ஒரு சோதனை நடந்துச்சு. பாதிப் பேருக்கு வருசத்துக்கு ஒருதடவை அஞ்சு லட்சம் யூனிட். எலும்பு முறியாம இருக்கணும்னு நல்ல எண்ணம்தான். 2010-ல முடிவு வந்துச்சு. மருந்து வாங்கின பாட்டிகதான் அதிகமா விழுந்தாங்க, அவங்களுக்குத்தான் அதிகமா எலும்பு முறிஞ்சுச்சு. மாத்திரை முழுங்க முடியாதவனுக்கு, குடல்ல மருந்து ஏறாதவனுக்கு, ஊசி தேவையான்னு டாக்டர் யோசிப்பார். நீ மூணுவேளையும் வெஞ்சனத்தோட வெளுத்துக்கட்டுற ஆளு. உனக்கு எதுக்கு ஊசி?

இன்னொரு பேர்க்குழப்பம் இருக்கு, புரூஃப் பாக்கிற கண்ணோட கேளு. கொலிகால்சிஃபெரால் வேற, கால்சிட்ரியால் வேற. ரெண்டாவது, உடம்புக்குள்ள உருமாறி வேலைக்குத் தயாரா நிக்கிற சரக்கு. சிறுநீரகக் கோளாறு மாதிரி காரணங்களுக்கு டாக்டர் பாத்து எழுதுறது. சாதாரணக் குறைபாட்டுக்கு அது வழக்கமில்லை. கால்சியத்தை விறுவிறுன்னு ஏத்திரும். கால்சியம் மாத்திரையோட இதைச் சேத்து அடிச்சு விக்கிறதும் உண்டு. ‘அது இல்லை, இது ஒண்ணுதான்’னு கடைப்பையன் மாத்திக் குடுத்தா வாங்காத.

மாத்திரை ஒண்ணொண்ணும் தனியாப் பாத்தா யோக்கியமாத்தான் இருக்கும், கூட்டிப் பாத்தாத்தான் வண்டவாளம் தெரியும். உன் பால்பவுடர்ல டி, கால்சியம் மாத்திரையில டி, மல்டி வைட்டமின்ல டி, மிட்டாய்லயும் டி. ஒரு தாளை எடுத்து வரிசையா எழுதிக் கூட்டு. அந்தத் தாளையே டாக்டர்கிட்ட நீட்டு. ‘வேற எதுவும் சாப்பிடல சார்’னு மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி நெளியாத. உங்க பாட்டிக்கு ரத்தக்கொதிப்புக்குக் குடுக்கிற நீர்மாத்திரையில தயாசைடுன்னு ஒரு ரகம் உண்டு. அது கால்சியத்தை ஒண்ணுக்கு வழியா வெளிய விடாம பிடிச்சு வைக்கும். அதோட டி-யும் கால்சியமும் சேந்தா ஏடாகூடம். இருதயத்துக்கு டிஜாக்சின் தின்றவங்க, சிறுநீரகத்துல கல் வந்தவங்க, டிபி வைத்தியத்துல இருக்கிறவங்க, வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்க, எல்லாரும் சொல்லிட்டுத்தான் தொடங்கணும். இதுல சிலது டி-யைக் கூட்டிக் கெடுக்கும், சிலது டி-யைக் கரைச்சுக் கெடுக்கும். அதனால உன் பாக்கெட்டைப் பாட்டிக்குப் பாசமாப் பங்கு வைக்காத. பாசம் இருந்தா வெத்தலை வாங்கிக் குடு.

கைப்பிள்ளைக்குச் சொட்டுமருந்து வாங்குறியா? அங்கதான் இன்னும் கவனம் வேணும். பிள்ளைக்கு ஒருநாளைக்கு 400 யூனிட்டுன்னு வழக்கமாச் சொல்லுவாங்க. ஒரு பாட்டில்ல ஒரு மில்லிக்கு 400, இன்னொரு பாட்டில்ல ஒரு மில்லிக்கு 800. வெளிநாட்டு பாட்டில்கள்ல ஒரே சொட்டுல 400 இருக்கிறதும் உண்டு. பழைய பாட்டில் ஃபில்லரை எடுத்துப் புது பாட்டில்ல விடக்கூடாது. ஃபில்லர்ல அளவு தப்பிரும்னு 2010-லயே அமெரிக்க அரசாங்கம் எச்சரிக்கை குடுத்துச்சு.

எப்படிச் சாப்பிடணும்? வெறும் வயித்துல வேண்டாம். எண்ணெய், நெய் இருக்கிற சாப்பாட்டோட முழுங்கு. கொழுப்புல கரையிற சத்து, கொழுப்போட போனா நல்லா ஏறும். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெயைக் குழி நிறைய ஊத்துறதுக்கு உனக்கு ஒரு சாக்கு கிடைச்சிருச்சு, போ. டி3-யைப் பெரும்பாலும் செம்மறியாட்டுக் கம்பளியில இருக்கிற மெழுகுலயிருந்துதான் எடுக்காங்க. நம்ம வேம்பூர்ப் பொட்டாட்டை அந்தக் கண்ணோட பாக்காத. அதுக்கு ரோமம் இருக்கே தவிரக் கம்பளி கிடையாது. கேப்ஸ்யூல் மேல்தோல் பெரும்பாலும் ஜெலட்டின். சைவக்காரங்க அதையும் சின்ன எழுத்துல தேடணும்.

சாப்பாட்டுலயே கிடைக்காதான்னு கேப்ப. ஒரு முட்டை மஞ்சக்கருவுல ஏறக்குறைய 40 யூனிட். சாளை மாதிரிக் கொழுப்பு மீன்ல கூடுதலா உண்டு. தூத்துக்குடி வண்டி வர்றப்ப முகத்தைச் சுளிக்காம வாங்கு. டி சேத்த பால், சத்து சேத்ததைக் காட்டுற ‘பிளஸ் எஃப்’ முத்திரை போட்ட எண்ணெய்னு கொஞ்சம் வரும். முருங்கைக்கீரையில டி இருக்குன்னு எவனாவது வாட்ஸ்அப்புல அனுப்பினா, அனுப்பினவனுக்கே சமைச்சுப் போடு. கீரையில டி கிடையாது, கால்சியம் உண்டு. கேப்பையில நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் உண்டு. டி ஏறினாலும் எலும்பு கட்டக் கால்சியம் வேணும்ல? அதுக்குக் கேப்பைக்கூழ் போதும், வெளிநாட்டு டப்பா வேண்டாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கையைக் காலைக் காட்டிக் கொஞ்சம் வெளிய நட. கத்திரியில தலைக்குத் துண்டு போட்டுக்கோ; சத்து தேடிப்போய் மயங்கி விழுந்துராத. 11-ல இருக்கிறவனுக்கு வெயிலும் முட்டையும் மட்டும் போதாது. மாத்திரையால தூக்கி நிறுத்தணும், மத்ததெல்லாம் திரும்ப விழாம பிடிச்சுக்கிறதுக்கு.

உனக்குக் குறைவுன்னு கேட்டதும் தெருவே ‘ஃபுல் பாடி செக்கப்’புக்குக் கிளம்பிருச்சு. கூட்டமாப் போனா தள்ளுபடியாம்! ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்க எல்லாரும் டி அளவைச் சோதிக்கணும்னு அவசியமில்லைன்னு, அமெரிக்காவுல ஹார்மோன் டாக்டர்கள் சங்கம் 2024-ல எழுதியிருக்கு. 25,871 பேரை வச்சு நடந்த பெரிய ஆராய்ச்சியில, தினம் 2,000 யூனிட் சாப்பிட்டதால புற்றுநோய் வர்றது குறையல, மாரடைப்பு குறையல. 2022-ல வந்த கணக்குப்படி எலும்பு முறிவும் குறையல. அது பெரும்பாலும் குறைபாடு இல்லாதவங்களுக்குக் குடுத்துப் பாத்தது. குறைஞ்சவனுக்கு டி மருந்து. குறையாதவனுக்கு அது வெறும் செலவு. முடி கொட்டுது, அசதியா இருக்குன்னு வர்றவளுக்கு ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம். எல்லாத்தையும் டி தலையில கட்டினா உள்ள இருக்கிற நோய் வளந்துக்கிட்டே போகும்.

கடைசியா ஒண்ணு. டாக்டர் சீட்டுல மூணு விசயம் எழுதியிருக்கான்னு பாத்துட்டு எந்திரி: எம்புட்டு யூனிட், எத்தனை நாளைக்கு ஒருதடவை, எந்தத் தேதியில நிறுத்தணும். நிறுத்துற தேதி இல்லைன்னா கேட்டு வாங்கு. அவர் கோவிச்சுக்க மாட்டார், கோவிச்சாலும் பரவாயில்ல. அந்தத் தேதியை நம்ம ஊர்ல அடிச்ச நாள்காட்டியிலேயே வட்டம் போட்டு வை, வாராவாரம் மாத்திரை போடுற கிழமையையும் வட்டம் போடு. மூணு மாசம் கழிச்சு டாக்டர் சொன்னா திரும்பச் சோதிச்சுப் பாரு. அலமாரியில கிடக்கிற மத்த டப்பாவை எல்லாம் அவர்கிட்டக் காட்டாம வாயில போடாத. இம்புட்டையும் கேட்டுட்டு, ‘சரி தாத்தா, மிட்டாயை மட்டும் சாப்பிட்டுக்கிறேன்’னா, மிட்டாய்லயும் எத்தனை யூனிட்டுன்னு கூட்டிச் சொல்லிட்டுச் சாப்பிடு.